ஊட்டிக் குளிரில் வாங்கிய கிளாரினெட்

நீலகிரிப் பக்கம் பழைய மரக் கிளாரினெட் தேடுகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் எண்ணிக் கொடுத்தது 38,000 ரூபாய்.

குன்னூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். போன டிசம்பரில், ஊட்டியில் பழைய வாத்தியம் வாங்கி விற்கிற ஒருவரிடம் காலை எட்டு மணிக்குப் போனேன். வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். மேசையில் இரண்டு கிடந்தன. ஒன்று பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிற புது பிளாஸ்டிக். இன்னொன்று கன்னங்கரேல் என்று ஆப்பிரிக்கக் கருமரம். "வெள்ளக்காரன் காலத்துப் பட்டாளத்து பேண்டு சாமான் தம்பி, இப்ப இந்த மரம் எங்க கெடைக்குது?"

அடியில் இருக்கும் 'ஈ' சுரத்தை ஊதினேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு நாதம். அந்த ஒரு மூச்சில் விழுந்துவிட்டேன்.

சுருதி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். போன் ட்யூனரில், ஒரே ஒரு சுரம். முள் பத்து சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே நின்றது. "பேரலைக் கொஞ்சம் இழுத்தா உக்காந்துரும் தம்பி." பேரல் என்பது மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் குட்டித் துண்டு. இழுத்தேன், உட்கார்ந்தது. குளிர்ந்த கருவி இறங்கித்தான் பேசும். உள்ளிருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் மூன்று சென்ட் வரை இறங்கும். சில்லிட்டுக் கிடந்ததே மேலே நின்றது என்றால், சூடானால் எங்கே போகும்? அப்போது தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் மேட்டுப்பாளையத்தில் கேரல் நிகழ்ச்சி, மத்தியான வெயில். முதல் சரணத்தில் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதில் தன் சத்தத்தைக் குறைத்தார். மூன்றாவதில் என்னை நிறுத்தச் சொன்னார்.

விற்றவருக்குப் போன் போட்டால், "மலையில காத்து லேசு தம்பி, கீழ எறங்கினா எல்லாமே ஏறத்தான் செய்யும்." மலை உயரத்துக்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை, சூடு குளிர்தான் கணக்கு. அதற்கும் நல்ல கருவி என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் அடங்கிவிடும்.

கோயமுத்தூரில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவர் மேல் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். முத்திரைக்குக் கீழே நெல்லளவு இடம் மட்டும் உப்புத்தாள் பிடித்து மங்கியிருந்தது. கீழ்த் துண்டில் தேய்க்க மறந்துவிட்டார்கள் போல, 'எச்.பி.' என்று அங்கே தெளிவாகவே இருந்தது. அதாவது ஹை பிட்ச், உயர்ந்த சுருதிக்குச் செய்த கருவி. பிரிட்டிஷ் பட்டாள பேண்டுகள் 1920-களின் கடைசி வரை நடு 'ஏ'யை 452.5 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்தார்கள். இன்று 440. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி.

பேரலை இழுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. தொண்டைச் சுரமான (மேல் துண்டின் உச்சியில் பிறக்கும் சுரம்) 'ஜி' இறங்க ஏழு மில்லிமீட்டர் போதும். அடி 'ஈ'க்குப் பதினாறு வேண்டும். ஒன்றை உட்காரவைத்தால் மற்றது எழுந்து நிற்கும். துளைகள் இருக்கும் இடமே வேறு கணக்கு.

நாதம் அப்படியல்ல. அதில் பாதிக்கு மேல் வாயில் வைக்கிற மவுத்பீஸும் அதில் அதிர்கிற நாணல் ரீடும் நம் உதடும் செய்கிற வேலை. அன்று மேசையில் பார்த்து மனதுக்குள் சிரித்த அதே ரக பிளாஸ்டிக்கில் என் பழைய மவுத்பீஸை மாட்டித்தான் இப்போது வாசிக்கிறேன். அந்தக் கிணற்றுக் குரல் வராது. ஆனால் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாங்கப் போனால் கால் மணி நேரம் ஊதிச் சூடாக்கிவிட்டுத்தான் ட்யூனரை எடுங்கள். அடி 'ஈ'யை ஊதி, அப்படியே ரெஜிஸ்டர் கீயை (மேல் சுரத்துக்குத் தாவ வைக்கும் சாவி) அழுத்தி மேலே வரும் 'பி'யையும் பாருங்கள். இந்த ஜோடி ரொம்ப விலகினால் வேண்டாம். தொண்டைச் சுரங்கள் நாலையும் விடாதீர்கள். முக்கியமாக, கண்ணை மூடி ஊதி, சுரம் நின்றபிறகு முள்ளைப் பாருங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு நமக்குத் தெரியாமலே திருத்திக்கொடுத்துவிடும்.

நாலு மாதம் அலைந்தபின், விற்றவர் 15,000 கழித்துக்கொண்டு திருப்பி எடுத்தார். போன வாரம் அதே கருவி மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் மேல் துண்டு முழுக்கப் புது பாலிஷ். கீழ்த் துண்டை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி வைத்து எடுத்திருக்கிறார்கள்.