ராப்டர் சென்டரா வபாஷாவா, கழுகு பாக்க எங்க போலாம்?

ஊர்லருந்து அப்பா அம்மா வந்திருந்தப்ப கழுகு பாக்கணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நின்னா. அமெரிக்காவுல மினியாபோலிஸ் பக்கம் இருக்கவங்களுக்கு ரெண்டு சாய்ஸ். செயின்ட் பால்ல மினசோட்டா யுனிவர்சிட்டி கேம்பஸ்லயே இருக்க ராப்டர் சென்டர் (ராப்டர்னா கழுகு, ஆந்தை மாதிரி வேட்டையாடுற பறவை), இல்லன்னா மிசிசிப்பி கரையில வபாஷால இருக்க நேஷனல் ஈகிள் சென்டர். ரெண்டுக்கும் போயாச்சு, என் ஓட்டு யுனிவர்சிட்டிக்குத்தான்.

வபாஷா ஒன்றரை மணி நேர டிரைவ், இது சிட்டிக்குள்ளயே. ரெண்டு இடத்துலயும் நமக்குக் காட்டறது றெக்கை ஒடிஞ்சு, கண்ணு போயி, திரும்ப காட்டுல விட முடியாத பறவைங்கதான். தோல் கிளவுஸ் மேல உக்காந்திருந்த வெண்தலைக் கழுகு கீச்கீச்னு கத்துச்சு, "இம்மாம் பெரிய உடம்புக்கு கோழிக்குஞ்சு சத்தமா"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

ஆனா ராப்டர் சென்டர் ஒரு ஆஸ்பத்திரி, எனக்கு அதான் மேட்டர். 1974ல ஆரம்பிச்சது, வெட்னரி காலேஜைச் சேர்ந்தது, வருஷத்துக்கு ஆயிரம் பறவை கிட்ட வருதாம். அங்க ஈயம் பத்தி சொன்னாங்க பாருங்க, அத கேட்டப்புறம்தான் கழுகையே வேற மாதிரி பாத்தேன். நவம்பர்ல மான் வேட்டை சீசன், சுட்ட மானை அங்கயே கிழிச்சு குடலை போட்டுட்டு போயிடுவாங்க, ஈயத் தோட்டா உடம்புக்குள்ள பொடிப்பொடியா செதறியிருக்கும், கழுகு வந்து குடலோட அதையும் முழுங்கிடும். எக்ஸ்ரேல வயித்துல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியும், ஒரு அரிசி சைஸ் துண்டே கழுகை முடிச்சிடுமாம். வாத்து வேட்டைக்கு ஈய ரவைய 1991லயே நாடு முழுக்க தடை பண்ணிட்டாங்க, மானுக்கு அப்படி இல்ல. அப்பா உடனே "நம்மூர்ல மாட்டு ஊசியால பாறு கழுகு செத்துச்சே, அந்தக் கதைதான்"னாரு. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ன பாறு கழுகுங்களைக் கொன்ன கதை. நான் இங்கிலீஷ்ல சொன்னதும் அந்த வாலண்டியர் பொண்ணு "டைக்ளோஃபினாக்!"னு அந்த மருந்து பேரையே சொல்லிடுச்சு. அப்பாவுக்கு பெருமை தாங்கல, அன்னிக்கு பூரா அதே பேச்சு.

வபாஷாவை மட்டம் தட்டல. அங்க குளிர்காலத்துலயும் ஆறு உறையாத இடம் இருக்கறதால மீனுக்காக காட்டுக் கழுகுங்க கூட்டமா வந்து மரத்துல உக்காரும். நாங்க போனது ஜூலைல, எதிர்க்கரையில ரெண்டே ரெண்டு, அதுவும் பைனாகுலர்ல. அதனால என் தீர்ப்பு கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். பிப்ரவரில இன்னொரு தடவை போய்ப் பாக்கணும், ஆனா அப்பா அம்மா அதுக்குள்ள ஊருக்கு கெளம்பிடுவாங்க.