சிறு ஏற்றுமதியாளர் எந்த மொழியைக் கற்பது: ஜெர்மனா, சீனமா, ஜப்பானியமா, ஸ்பானியமா?

திருப்பூர், கரூர், கோவை வட்டாரத்தில் சொந்தத் தொழில் நடத்துபவர்கள் வெளிநாட்டு மொழி ஒன்றைக் கற்க நினைத்தால், முதலில் ஜெர்மனையோ ஜப்பானியத்தையோதான் யோசிக்கிறார்கள். சென்னையில் அவற்றுக்கு நல்ல வகுப்புகள் உண்டு. வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அவற்றைத்தான் படிக்கிறார்கள். ஆனால் வேலை தேடுபவரின் கணக்கு முதலாளிக்குப் பொருந்தாது. அவருக்குச் சான்றிதழால் பயன் உண்டு. முதலாளிக்கோ, எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தில் சொல்லாமல் விடுவது என்ன என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே எதிர்த்தரப்பு எவ்வளவு குறைவாக ஆங்கிலம் பேசுகிறதோ, அந்த அளவுக்கு அவர்கள் மொழிக்கு மதிப்பு கூடும். கற்க ஆகும் காலத்தை அதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

காலத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு முழுநேர வகுப்பு நடத்துகிறது. ஸ்பானியத்துக்குச் சுமார் 30 வாரம், ஜெர்மனுக்கு 36, சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் 88 வாரம் ஒதுக்குகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு இது. நமக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஜெர்மனில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதை ஒதுக்கிவைப்பது எளிது. கரூரிலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் பிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: மேசைவிரிப்பும் சமையலறைத் துண்டும் வாங்க வருகிற ஜெர்மானியர்கள் நல்ல ஆங்கிலம் பேசுகிறார்கள். விலை, தரச் சான்று, கப்பலேற்றும் தேதி எல்லாமே ஆங்கிலத்தில் நடந்து முடிகிறது. அவர்கள் மொழியில் வணக்கம் சொன்னால் மகிழ்வார்கள். அதற்காக ஒரு சென்ட் கூட்டித் தர மாட்டார்கள். அங்கேயே நிறுவனம் தொடங்க நினைப்பவருக்கு நிலைமை வேறு. 25,000 யூரோ மூலதனத்தோடு ஜிஎம்பிஹெச் (நம் பிரைவேட் லிமிடெட் போன்ற நிறுவனம்) பதிவு செய்ய நோட்டரியின் சான்று வேண்டும். பத்திரம் பொதுவாக ஜெர்மனில் இருக்கும். வரி அலுவலகம் முதல் கிடங்கு வாடகை வரை அனைத்தும் அதே மொழியில்தான் வரும். அந்தத் திட்டம் இல்லாதவர் ஜெர்மனுக்குச் செலவிடும் மாலை நேரத்தை வேறு மொழிக்குக் கொடுக்கலாம்.

சீனம் அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் அல்ல. நம்மில் பெரும்பாலோர் சீனாவுக்குப் போவது வாங்குவதற்கு. ஜிப், பொத்தான், எல்இடி, இயந்திர உதிரி என்று பட்டியலோடு குவாங்சோ கண்காட்சிக்கும் யிவு சந்தைக்கும் போகிறார்கள். குவாங்சோவில் 1957 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தக் கண்காட்சி நடக்கிறது. யிவு கடையில் பேரம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். கடைக்காரர் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டி நம் பக்கம் திருப்புகிறார்; நாம் அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டுகிறோம். ஒன்று முதல் பத்து வரை ஒரே கையால் காட்டும் சைகையும் அவர்களிடம் உண்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவருக்கு இது அரைமணி நேரத்தில் பிடிபடும்.

கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதைப் புரிந்துகொள்ளலாம் என்ற ஆசையில் பலர் மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, வகுப்பில் சேர்கிறார்கள். ஆனால் குவாங்சோவில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் கான்டனீஸ் பேசுவார்கள். யிவுவில் அவர்கள் வூ என்ற வேறொரு சீன வழக்கைப் பேசுவார்கள். நான்கு தொனிகளையும் சில ஆயிரம் எழுத்துகளையும் கற்ற பிறகும் அந்தப் பேச்சு காதில் விழும், கருத்தில் ஏறாது. ஊர் திரும்பிய பிறகு நடக்கும் எழுத்துப் பரிமாற்றத்துக்கு மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. எண்கள், அளவுகள், நிறங்கள், 'மாதிரி வேண்டும்', 'இது குறைபாடு' என்ற அளவுக்குக் கற்றுக்கொண்டால் வாங்குபவருக்குப் போதும். சீனாவிலேயே ஆலையோடு கூட்டுத் தொழில் செய்பவர் மட்டும் ஆழமாகப் போகலாம்.

ஜப்பானியம் எனக்கு மிகவும் பிடித்த மொழி. தமிழருக்கு அதில் ஒரு சலுகை இருக்கிறது: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபுபோல் ஒட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வரும். 'டோக்கியோ நி இகிமாஸ்' என்றால் 'டோக்கியோவுக்குப் போகிறேன்'. வரிசை அப்படியே நம் வரிசை. ஆங்கிலேயர் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டிய வாக்கியம் நமக்கு இயல்பாக வருகிறது. (தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கு அந்த வழக்கின் முடிவு தேவையில்லை.) எழுத்துதான் மலை. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு அசை எழுத்து வரிசைகளும் சில வாரங்களில் வசப்படும். ஆனால் கல்விக்கும் செய்தித்தாளுக்கும் அரசு வகுத்த 'கான்ஜி' (சீனத்திலிருந்து வந்த எழுத்து) பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன.

இவ்வளவு உழைப்புக்கும் பலன் உண்டா? ஜப்பானுக்கு ஆடை அனுப்பும் ஆலையில் ஊசிச் சோதனை நடப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒவ்வொரு ஆடையும் உலோகத்தைக் கண்டறியும் கருவி வழியாகப் போகும். தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தேதியும் இயந்திர எண்ணும் எழுதி, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்துச் சரக்கு முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் ஜப்பானியர் அந்தப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் மொழியில் குறிப்பு எழுதுகிறார். நமக்கு ஆங்கிலத்தில் வருவது இரண்டு வரிச் சுருக்கம். 'பரிசீலிக்கிறோம்' என்று அதில் மென்மையாக எழுதியிருப்பது பல நேரம் மறுப்பு. உடன் உட்கார்ந்து அவர் குறிப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு, குறை எங்கே என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் தயங்காமல் சென்னை ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் வகுப்பில் சேரலாம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில், ஐந்து நிலைகளில் நடுவான என்3 வரை போனாலே ஆலைத் தளத்தில் பேச முடியும்.

ஜப்பானிய வாடிக்கையாளர் இன்னும் கிடைக்காதவர், கிடைப்பார் என்ற நம்பிக்கையில் இத்தனை ஆண்டுகளைப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவருக்கு நான் சொல்வது ஸ்பானியம்.

இங்கே யாரும் பெரிதாகப் பேசாத மொழி இது. சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. கொலம்பியாவின் சாலைகளில் பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. பெருவிலும் குவாதமாலாவிலும் ஊருக்கு ஊர் பஜாஜ் ஆட்டோ ஓடுகிறது. வண்டி ஓடுகிற இடத்தில் பிரேக் ஷூ, கேபிள், பேரிங், கேஸ்கெட் வேண்டும். அவற்றை இறக்குமதி செய்பவர்களில் பலர் குடும்பமாகக் கடை நடத்தும் நடுத்தர வியாபாரிகள். அவர்கள் ஆங்கில மின்னஞ்சலைத் தள்ளிவைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார்கள். பின்னணியில் பட்டறைச் சத்தம், பாதி வாக்கியம், வட்டாரப் பெயரில் ஒரு உதிரிபாகம்: மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறும் இடம் இதுதான். சீன ஏற்றுமதியாளரும் அங்கே போட்டிக்கு நிற்கிறார். ஸ்பானியத்தில் திருப்பிப் பேசுகிறவருக்குத்தான் அடுத்த கேள்வி வரும்.

கற்பதும் எளிது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். ர, ற வேறுபாடும் ஞகரமும் தமிழ் நாக்குக்குப் புதிதல்ல. வினைத்திரிபு மட்டும் மனப்பாடம் கேட்கும். கொலம்பியாவில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, ஆலை வேலை ஓய்ந்த பிறகு நிதானமாகப் பேசலாம். ஸ்பெயினின் பெரிய ஆடை நிறுவனங்களுக்கு விற்பவருக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் ஆங்கிலத்திலேயே வாங்குகிறார்கள்.

நான்கையும் விட்டுவிட்டு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இரு பக்கத்து ரகசியமும் அவர் கையில் இருந்தது. இன்றும் மொழி தெரிந்த ஊழியர் நின்றுவிட்டால் வாடிக்கையாளரும் பல நேரம் அவரோடு போய்விடுகிறார். ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கக் கட்டாயம் தொழில்முறை ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைச் செயலியிடம் விடுங்கள். விலையும் புகாரும் பேசுகிற அழைப்பை முதலாளியோ, தொழிலுக்கு வரப்போகும் மகளோ மகனோ நேரடியாக எடுக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, ஏற்கெனவே வந்திருக்கும் குரல் செய்திகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, உங்கள் சரக்கின் உதிரிபாகப் பெயர்களையும் குறைபாட்டுப் பெயர்களையும் அவர்கள் சொல்கிறபடி பட்டியலிடுங்கள். பாடப்புத்தகத்தில் விமான நிலைய உரையாடல் வரும், கேஸ்கெட் வராது.