அம்பலாங்கொடையா, கண்டி வீதியா: கொழும்பிலிருந்து ஒரு நாள் கைப்பணிப் பயணம்

கொழும்பிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படியாகப் பழைய கைப்பணிக் கிராமங்களைப் பார்த்துவர விரும்புவோருக்கு நடைமுறையில் இரண்டு திசைகளே உண்டு. ஒன்று, தெற்கே கடலோரமாக முகமூடிகளின் ஊரான அம்பலாங்கொடை. மற்றொன்று, கண்டி வீதியில் ரதாவடுன்னையின் பிரம்பு, மொலகொடையின் மட்பாண்டம், பிலிமத்தலாவையின் பித்தளை என நீண்டு எம்பக்கைத் தேவாலயத்தில் முடியும் வழி. பத்தரமுல்லையில் உள்ள ஜனகலா கேந்திரம் என்னும் கைப்பணி மையத்தை மூன்றாவது தெரிவாகச் சிலர் சொல்வதுண்டு. அரை நாள் மட்டுமே கையிலிருப்பவருக்கு அது போதும், ஆனால் பொருளை அதன் ஊரிலேயே காணும் அனுபவத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

தூரத்தை முதலில் பார்த்துவிடலாம். அம்பலாங்கொடை ஏறத்தாழ 85 கிலோமீற்றர். கோட்டையில் காலிப் புகையிரதத்தில் ஏறினால் கடலைப் பார்த்தபடியே போய் இறங்கலாம்; வாகனத்தில் செல்வோர் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் குருந்துகஹஹெதெக்ம வெளிவாயிலில் இறங்கிக்கொள்ளலாம். பிலிமத்தலாவையோ 100 கிலோமீற்றரைத் தாண்டியது. அதிலும் கேகாலையின் நெரிசலும் கடுகண்ணாவையின் ஏற்றமும் சேரும்போது ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். இந்த ஒரு கணக்கிலேயே கைக்குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பங்களுக்குத் தெற்குத் திசைதான் பொருந்தும்.

ஆனால் இரண்டு வழிகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு தூரத்தில் இல்லை. அம்பலாங்கொடையில் கதையும் பொருளும் ஒன்றேயாக இருக்கின்றன. அங்கு செதுக்கப்படும் ஒவ்வொரு முகமும் ஒரு கதையின் பாத்திரம். ஊரின் பெயருக்கே ஒரு கதை உண்டு. கடலில் திசை தவறிய மீனவர்கள் கரையைக் கண்டதும் ‘ஆன் பலன் கொட’, அதாவது ‘அதோ பார் கரை’ என்று கூவியதே அம்பலாங்கொடை ஆயிற்றாம். வழிப்போக்கர் தங்கும் ‘அம்பலம’வில் இருந்து வந்த பெயர் என்போரும் உண்டு, அந்த விளக்கமே எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றினாலும், முதலாவதைச் சொல்லும்போது சொல்பவரின் முகம் மலர்வதை மறுக்க முடியாது.

முகமூடிகளில் மூன்று வகைகளைப் பிரித்தறிந்துகொண்டு போவது நல்லது. கடைகளில் அதிகம் தொங்கும் நாக ராக்ஷ, குருலு ராக்ஷ முதலிய அரக்க முகங்கள் நாம் கண்ணூறு கழிய வீட்டு முகப்பில் வைக்கும் பூதமுகத்தின் உறவினர் எனலாம். இரண்டாவது வகை ‘கோலம்’ என்னும் நாடகத்துக்குரியது. அந்தச் சொல் நமக்கும் அந்நியமன்று. வேடம் என்ற பொருளிலேயே அங்கும் வழங்குகிறது. மகாசம்மத மன்னனின் அரசிக்கு மசக்கையில் முகமூடி ஆட்டம் காணும் ஆசை எழுந்ததாகவும், எவராலும் அதை நிறைவேற்ற இயலாதபோது சக்கரனின், அதாவது இந்திரனின், கட்டளைப்படி விசுவகர்மா சந்தன மரத்தில் முகங்களைச் செதுக்கி அரச பூங்காவில் வைத்துச் சென்றதாகவும் கதை.

மூன்றாவது வகையான சன்னி முகங்களே, அதாவது நோய்ப் பேய்களின் முகங்களே, என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவை. கருவுற்ற அரசியின் மீது ஐயம் கொண்டு சங்கபால மன்னன் அவளுக்கு மரண தண்டனை விதிக்க, உயிர் தப்பிய குழந்தை கோல சன்னி என்னும் பேயாக வளர்ந்து, 18 நச்சு உருண்டைகளிலிருந்து 18 பேய்களைப் படைத்து விசாலா நகரைப் பழிவாங்கியது என்றும், இறுதியில் புத்தர் அவற்றை அடக்கினார் என்றும் சொல்வார்கள். அந்தப் பேய் ஒவ்வொன்றும் ஒரு நோய்: குருடுக்குக் கண சன்னி, செவிட்டுக்குப் பிஹிரி சன்னி, வாந்திக்கு அமுக்கு சன்னி. வாத, பித்த, சிலேத்தும சன்னிகளும் வரிசையில் இருப்பதைக் காணும்போது நம் நாட்டு வைத்தியரின் திண்ணை நினைவுக்கு வரும். நோய் தீர்க்கும் சடங்கில் இப்பேய்கள் நோயாளியை மிரட்டிக்கொண்டே நுழைந்து, மேளகாரரின் கேலிப் பேச்சில் அகப்பட்டு நகைப்புக்குரியவையாகி வெளியேறுகின்றன. இரவு முழுதும் நடக்கும் அச்சடங்கைப் பகலில் வரும் பயணி காண முடியாது என்பதே இந்த வழியின் பெருங்குறை. 1987இல் திறக்கப்பட்ட அரியபால முகமூடி நூதனசாலை அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. பக்கத்துப் பட்டறையில் இலேசான கதுரு மரம் உளிக்கு இணங்குவதையும் பார்க்கலாம்.

கண்டி வீதியில் கைப்பணியும் கதையும் தனித்தனியே நிற்கின்றன. ரதாவடுன்னையில் பிரம்புக் கதிரை, மொலகொடையில் சட்டி, பானை, பிலிமத்தலாவையில் உச்சியில் சேவல் நிற்கும் குத்துவிளக்கு என இவை அனைத்தும் வீட்டில் புழங்கும் பொருள்கள். வாங்குவதற்காகவே போகிறவருக்கு இந்த வழியே ஏற்றது. கதையோ வீதியோரத்தில் வேறாகக் கிடக்கிறது. கடுகண்ணாவையில் குடையப்பட்ட பாறையைக் காட்டி, மலையைத் துளைப்பவன் கண்டியை வெல்வான் என்ற முன்னறிவிப்பைச் சொல்வார்கள். கண்டி வீழ்ந்தது 1815இல். வீதி போடப்பட்டது அதற்கும் பின்னர். ஆகவே அந்தத் தீர்க்கதரிசனம் சற்றுத் தாமதமாகவே பிறந்திருக்க வேண்டும்.

இந்த வழியின் உயிர்நாடி தவுலகலை வீதியில் உள்ள மூன்று கோயில்கள். 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. கல்லில் அவர் செதுக்கிய தூண்கள் தஞ்சைப் பக்கத்துக் கோயிலொன்றில் நிற்கும் உணர்வைத் தருகின்றன. இரண்டாவதான லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்துடன் தமிழிலும் சாசனம் இருக்கிறது. எம்பக்கைத் தேவாலயமோ கதிர்காமக் கடவுளுக்குரியது. தோல்நோய் கொண்ட, ரங்கம என்னும் ஊரின் பறை முழக்குநர் ஒருவர் கதிர்காமத்தில் நேர்ந்து குணமடைந்து, ஆண்டுதோறும் அங்கே சென்றுவர, முதுமையில் நடக்க இயலாதபோது கடவுளே அவரை நாடி எம்பக்கைக்கு வந்தாராம். தோட்டக்காரன் வெட்டிய கதுரு மரத்திலிருந்து இரத்தம் பீறிட்டதே அதற்கு அடையாளம். அம்பலாங்கொடையில் பேய்முகமாகும் அதே மரம்! மேளமண்டபத்தின் மரத்தூண்களில் பின்னிய அன்னங்கள், இருதலைப் பட்சி, மல்லர், பாலூட்டும் தாய் என ஒவ்வொரு சதுரமும் வேறு. கூரையின் 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு பிணைத்து நிற்பதை நிமிர்ந்து பார்க்க மறக்க வேண்டாம்.

2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தும்பரப் பாய் நெசவையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளச் சிலர் முயல்வார்கள். சப்பங்கி மரக்கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றிய நாரை நெய்யும் ஹேனாவலை, கண்டிக்கும் அப்பால் உள்ளது. அங்கும் போய், எம்பக்கையும் பார்த்து, அன்றே கொழும்பு திரும்ப முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். கண்டியில் ஓரிரவு தங்கினால் மட்டுமே அதைச் சேர்க்கலாம்.

பிள்ளைகளோடும் முதல் தடவையாகவும் போகிறவர்களுக்கு நான் அம்பலாங்கொடையையே சொல்வேன்; மதியத்துக்குள் பார்த்து முடித்து, பலப்பிட்டியில் மாதுகங்கைப் படகுக்கும் நேரம் மிஞ்சும். தமிழ் வாசிக்கத் தெரிந்து, கல்லையும் மரத்தையும் பொறுமையாகப் பார்க்கும் இருவர் மூவராகப் போவதாயின், காலை ஐந்து மணிக்கே புறப்பட்டு, கடைகளைத் திரும்பி வரும் வழிக்கு ஒதுக்கி, வெயில் ஏறுமுன் எம்பக்கையை அடைந்துவிட வேண்டும்.