எழுபத்திரண்டா, நாற்பத்தெட்டா? ஒரு மிக்-21ம் அதன் மேல் படியும் தூசியும்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானம் விடைபெற்றது. 1963ல் அதே ஊரில்தான் நம் விமானப்படையில் சேர்ந்தது. 62 வருஷம்! அந்தக் காட்சியைப் பார்த்த கையோடு ஒரு டயோரமா (பொம்மை விமானம், ஆட்கள், தரை எல்லாம் சேர்த்துச் சின்ன அளவில் அமைக்கும் காட்சி) செய்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். விரிசலில் புல் முளைத்த கான்கிரீட் தளம், மூடி திறந்து நிற்கும் ஒரு மிக்-21, ஏணியில் ஒருவர், இறக்கை நிழலில் இரண்டு பேர். சின்ன வயதில் கொலுப்படிக்குக் கீழே பார்க் போட்ட கை, வேறென்ன செய்யும்?

என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. எந்த அளவில் என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் 1/72, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, எடுத்தேன். ஏற்கெனவே 1/48ல் ஒரு மிக்-21 செய்து வைத்திருந்தும்.

தெரிந்த கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1/72ல் ஆறடி ஆள் ஓர் அங்குலம். 1/48ல் ஒன்றரை அங்குலம். மூக்கில் நீட்டியிருக்கும் குழாயோடு சேர்த்தால் மிக்-21 சின்னதில் கிட்டத்தட்ட 22 செ.மீ., பெரியதில் 33 செ.மீ. பெரியதில் விவரம் அதிகம், விலையும் அதிகம். செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் இரண்டு அளவிலுமே மிக்-21 கிட் (நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள்) போடுகிறது என்பதால் தரத்தை வைத்தும் முடிவெடுக்க முடியாது.

1/48ஐக் குறை சொல்ல மனசு வராது. சோவியத் காக்பிட்டுக்கே உரிய அந்தப் பச்சை கலந்த நீலத்தை அடித்து, கருப்புப் பலகையில் ஒவ்வொரு டயலாகத் தூக்கிக் காட்டும்போது கிடைக்கிற சுகம் சின்னதில் இல்லை. ஆட்களுக்குக் கண் வைக்கலாம், மீசை வைக்கலாம். 1/72ல் முகம் என்பது ஒரு புள்ளி, அதில் ஒரு நிழல், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார். அங்கிருந்து டயல் தெரிவதில்லை, காட்சிதான் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூசி.

கொலுவுக்கும் டயோரமாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். கொலு பொம்மை ஒன்பது நாள் படியில் இருக்கும். அப்புறம் துணியில் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். டயோரமா வருஷம் பூராவும் நிற்கிறது. எங்கள் வீடு கோவையில், பஸ் போகும் சாலையை ஒட்டி. 1/48 மிக்-21ஐ அலமாரி மேல் திறந்தபடியே வைத்திருந்தேன். பத்து நாளில் இறக்கையில் விரலால் பெயர் எழுதலாம். மெல்லிய பிரஷ்ஷால் தட்டுவேன். ஒவ்வொரு தட்டலும் ஒரு சூதாட்டம்: காற்றின் வேகம் அளக்கும் பிட்டோ குழாய் மூக்கிலிருந்து ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பிரஷ் முடி அதில்தான் போய் மாட்டும். இரண்டு தடவை உடைந்து ஒட்டினேன். மூன்றாவது தடவை துண்டு எங்கே பறந்தது என்றே தெரியவில்லை. சிரிஞ்ச் ஊசியை வெட்டி வைத்தேன். போகிக்கு வீடு துடைத்த அன்று அதுவும் போயிற்று.

வெறும் விமானமாவது பரவாயில்லை. புல்லும் மண்ணும் ஆட்களும் ஒட்டிய தரையில் தூசி படிந்தால் பிரஷ்ஷும் உதவாது, ஊதினாலும் போகாது. ஆக, டயோரமா என்றால் மூடிய பெட்டி கட்டாயம். பெட்டி என்று வந்ததுமே கணக்கு மாறிவிடுகிறது.

1/72 காட்சிக்கு 30 × 22 செ.மீ. தளம் போதும், ஏறக்குறைய ஓர் ஏ4 தாள். உயரம் 12 செ.மீ. மேல் பக்கம், நான்கு சுவர் எல்லாம் சேர்த்து சுமார் இரண்டு சதுர அடி அக்ரிலிக். அதே காட்சி 1/48ல் 45 × 33, உயரம் 18. நாலரை சதுர அடிக்கு மேல். நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியது, அக்ரிலிக் இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. அடைக்கிற இடமோ மூன்று மடங்குக்கு மேல். அதோடு முடியவில்லை. சின்னப் பெட்டிக்கு 2 மி.மீ. ஷீட் தாங்கும். பெரியதில் மேல் பலகை நடுவில் தொய்யும் என்று கடைக்காரர் 4 மி.மீ.க்கு விலை சொன்னார். கிட்டைவிடப் பெட்டிக்கு அதிகம் ஆகும்போலிருந்தது. அங்கேயே என் முடிவு முக்கால்வாசி ஆகிவிட்டது.

பெட்டி போட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முதலில் செய்த தளத்தில் சருகுக்காகக் காய்ந்த டீத்தூள் சக்கையைத் தூவினேன். காய்ந்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூடிய மூன்றாவது வாரம் விமானத்தின் சக்கரத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூஞ்சை. மொத்தத் தரையையும் பெயர்த்தெடுத்தேன். இப்போதெல்லாம் சமையலறைப் பொருள் எதையும் தரையில் சேர்ப்பதில்லை. பசை காய்ந்தபின் ஒரு வாரம் திறந்து வைத்துத்தான் மூடுகிறேன். இந்தப் பெட்டிக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. ஐந்து மழைக்காலம் தாங்கினால் இன்னும் தைரியமாகப் பேசுவேன்.

1/72ன் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மணல்துகள் அதில் ஏழு சென்டிமீட்டர் கல். ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, பிறகு பழைய நைலான் துணியிலும் சலித்த பிறகுதான் தரை தரையாகத் தெரிந்தது. ஏணியில் நிற்கும் சர்தாருக்கு எம்-சீலில் தலைப்பாகை கட்டினேன். மிளகில் பாதி அளவு உருண்டை, அதில் குண்டூசி முனையால் மடிப்பு. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது மூன்று நாள் வேலை. பூதக்கண்ணாடி விளக்கு இல்லாமல் நடந்திருக்காது. கண்தான் உங்கள் பிரச்சினை என்றால் நான் சொன்ன அத்தனையும் தலைகீழாகலாம், 1/48க்கே போங்கள். தரையெல்லாம் வேண்டாம், ஒற்றை விமானம் ஷோகேஸில் நின்றால் போதும் என்பவருக்கும் அதுவே மேல். 1/32 நான் தொட்டதில்லை. மிக்-21 அரை மீட்டருக்கு வந்துவிடும், வைக்க எனக்கு இடமும் இல்லை.

அடுத்தது தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30 போர் விமானம். டேப்பை எடுத்து அலமாரியை அளந்து பார்த்துவிட்டேன். 1/72லேயே நீளம் 30 செ.மீ.; என் தட்டின் ஆழமும் 30. குறுக்காக வைத்தால் பெட்டி உள்ளே போகும், பக்கத்தில் இருக்கும் அகராதிகள் வெளியே போக வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.