ஆவி பிடிக்கும் மெஷின்: வீட்டில் வாண்டு இருந்தால் வாங்கலாமா?

மெடிக்கல் ஷாப்பில் 'வேப்பரைசர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த பிளாஸ்டிக் சொம்பைப் பற்றித்தான். விலை 200 ரூபாயிலிருந்து 400 வரை. பெரும்பாலும் மூக்குக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, சும்மா ஆவி வர ஒன்று என்று மூன்று மேல்மூடிகள் கூடவே வரும். ஃப்ளூவோ மார்ச்சளியோ வந்து காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். அந்த நாட்களிலும் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு இது உதவுமா என்பதுதான் கேள்வி.

இந்த மலிவு ரகங்கள் பலவற்றில் ஹீட்டர் காயில் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் தண்ணீருக்குள் நிற்கும். ஒரு தகட்டிலிருந்து மற்றதற்கு கரண்ட் தண்ணீர் வழியாகவே பாய்வதால்தான் சூடேறுகிறது. பத்து நிமிஷம் ஆகியும் ஆவியே வரவில்லை, மெஷின் டூப்ளிகேட் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதில் உப்புகள் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது. இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு கல்லுப்பு போட்டால் போதும். ஒரு ஸ்பூன் போட்டால் தண்ணீர் தளதளவென்று பொங்கி மூக்கு மூடி வழியே கொதிக்கிற துளிகள் முகத்தில் தெறிக்கும். போர் தண்ணீருக்கு உப்பே வேண்டாம். ஆனால் பத்து நாளில் தகட்டில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். சூடான வினிகரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் உதிரும்.

பிளக் சொருகியிருக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீரிலேயே கரண்ட் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆவி வருதா என்று மூடியைத் தூக்கி விரலை விடுவதோ மேலே தண்ணீர் ஊற்றுவதோ ஆகவே ஆகாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். தகடு மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வற்றினால் கரண்ட் தானே நின்றுவிடும் என்பது இதன் ஒரே புத்திசாலித்தனம். காயில் வைத்த ரகத்தில் அது நடக்காது. ஆட்டோ கட்-ஆஃப் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பலன்? மூக்கடைப்பு இளகும், வறண்ட தொண்டைக்கு இதமாக இருக்கும், ராத்திரி தூக்கம் கொஞ்சம் சுலபமாகும். கிருமியைக் கொல்லாது, நுரையீரலையும் கழுவாது. முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து, கண்ணை மூடி, ஐந்தாறு நிமிஷம் பிடித்தால் போதும். தண்ணீரில் தைலம் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் கெடும். அதோடு, நோய் விட்ட மூச்சுக்குழாய் சில வாரங்களுக்குத் தொட்டாற்சிணுங்கிதான். நீலகிரித் தைல நெடியே இருமலைக் கிளப்பிவிடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பே வரலாம். கற்பூரம் அறவே வேண்டாம். மேஜையில் விட்ட வில்லை குழந்தை கண்ணுக்குக் கற்கண்டு. ஒரு சின்ன வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

இனி குறை. நாங்கள் பார்த்த வகைகளில் பெரும்பாலானவற்றில் மேல்மூடி வெறுமனே அழுத்திப் பொருத்துவது, திருகு கிடையாது. சாய்ந்தால் மூடி கழன்று மொத்த வெந்நீரும் கொட்டும். அண்டாவில் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் உட்காருவதோடு ஒப்பிட்டால் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் ஒரு டம்ளர் கொதிநீர் போதும், தவழும் பிள்ளையின் நெஞ்சும் தொடையும் வெந்துபோக. வயரோ குட்டை. கீழே வைத்தால் பிள்ளை வந்துவிடும், மேஜையில் வைத்தால் தொங்குகிற வயரைப் பிடித்து இழுக்கும்.

ஆகவே பிள்ளை தூங்கிய பிறகு, அல்லது இன்னொரு பெரியவர் கையில் இருக்கும்போது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பிடியுங்கள். மெஷினைச் சுவரோரம் நகர்த்தி, வயரை மேஜைக்குப் பின்னால் விடுங்கள். மடியில் வைக்கவே கூடாது. முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, வெந்நீரைச் சிங்க்கில் கொட்டிய பிறகே தாழ்ப்பாளைத் திறங்கள். அணைத்த பிறகும் அந்தத் தண்ணீர் நெடுநேரம் சுடும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் துணியைக் கழற்றி 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

அப்படியே பிள்ளைக்கும் கொஞ்சம் காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். சின்னப் பிள்ளை மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்து போதும். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. நெபுலைசர் வேறு சாமான்: அது மருந்தைக் குளிர்ந்த பனியாக்கி நெஞ்சுக்குள் அனுப்புவது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. விலா எலும்புக்குக் கீழே குழி விழ மூச்சு வாங்கினாலோ, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிஷத்துக்கு 40 தடவைக்கு மேல் (இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50) மூச்சு விட்டாலோ எந்த மெஷினையும் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

இருமல் இருக்கும்வரை பால் கொடுக்கும்போதும் ஊட்டும்போதும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆவி பிடித்ததும் தும்மலும் இருமலும் கூடும், அந்தக் கால் மணி நேரம் பிள்ளையைத் தூக்காமல் இருப்பது நல்லது.

பெரியவர்களுக்கு மட்டும் என்றால் எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நடக்கிற பிள்ளை இருந்து, பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான். அங்கே உங்கள் மூக்குக்கும் அதே சலைன் சொட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் போதும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. மெஷின்தான் வேண்டும் என்றால் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். மூடியைப் பொருத்தி, தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கழன்று விழுந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.