‘நம்ம தொட்டியில பொரிச்ச குஞ்சு’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்: ரங்கூனில் மீன் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ரங்கூனில் புதிதாக மீன் தொட்டி வைக்க நினைக்கிற நம்மவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். ‘ஃபுல் செட்’ என்று சொல்லி தொட்டி, ஃபில்டர், விளக்கு, செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு கடையில் இரண்டரை லட்சம் கியாட் கொடுத்து வாங்கினேன். அதில் உருப்படியாக மிஞ்சியது கண்ணாடியும் ஃபில்டரும்தான். கடையின் பெயர் வேண்டாம். என்ன சொல்லி விற்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

நான் கேட்டது நம் பர்மா நாட்டு மீன். கடைகளில் ‘கேலக்ஸி’ என்கிறார்களே, அந்தச் செலஸ்டியல் பேர்ல் டேனியோ. இன்லே ஏரிக்குக் கிழக்கே, ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் 2006இல் கண்டெடுத்து, 2007இல் டைசன் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் விவரித்த மீன் அது. வளர்ந்தாலும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். கருநீல உடம்பில் முத்து இறைத்தது போலப் புள்ளிகள், துடுப்பில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். செடி அடர்ந்த தொட்டியில் இருபது மீன் சேர்ந்து திரிந்தால் கண்ணை எடுக்க முடியாது. ஷான் மலையிலிருந்து வந்து உலகமெங்கும் வீடுகளில் நீந்துகிற மீனை, ரங்கூனில் இருக்கிற நாம் வளர்க்காமல் வேறு யார் வளர்ப்பது?

ஆனால் அந்தக் குட்டைகள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் 22, 24 டிகிரியில் நிற்கும். சித்திரை வெயிலில் ரங்கூன் வீட்டுத் தொட்டி சுலபமாக 30ஐத் தாண்டிவிடும். அதனால்தான் கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டேன்: பிடித்து வந்ததா, இங்கேயே வளர்த்ததா?

“அண்ணே, இது மேல இருந்து வந்த மீன் இல்ல. நம்ம தொட்டியில பொரிச்ச குஞ்சு. ரங்கூன் தண்ணிக்கும் சூட்டுக்கும் நல்லா பழகினது. பயப்படாம எடுத்துட்டுப் போங்க.”

வாய்கூசாமல் சொன்னார். திரும்பவும் கேட்டேன். அதே பதில்.

வீட்டுக்கு வந்த மீன்கள் செடிக்குப் பின்னால் பதுங்கின. புது இடம், பதுங்கத்தான் செய்யும். ஆனால் தீனியைத் தொடவே இல்லை. ஒரு மீன் மட்டும் மேலே வந்து தூளை வாயில் வாங்கியது, இரண்டு தடவை மென்றது, துப்பிவிட்டுத் திரும்பிப் போனது. பக்கவாட்டில் விளக்கு பட்டபோதுதான் உடம்பு சரியாகத் தெரிந்தது. வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகு கத்தி முனை போல ஒட்டிப்போயிருந்தது. சிலவற்றுக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கியது. வயிற்றில் புழுவோ வேறு கிருமியோ இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தொட்டியில் பிறந்து தூள் தின்று வளர்ந்த மீன் சாதாரணமாக இந்த நிலையில் இருக்காது. முதலில் ஒன்றிரண்டாகச் செத்தன, பிறகு கொத்தாக.

உண்மை பிறகு வெளியே வந்தது. நியாயம் கேட்கப் போனபோது கடைக்காரர் உள்ளே போயிருந்தார். தொட்டி கழுவிக்கொண்டிருந்த பையனிடம் பர்மியில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவன் ஒளிக்காமல் சொன்னான்: ஷான் மலையில் இருக்கிற டவுன்ஜியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி வரும், காலையில் தொட்டியில் கொட்டுவார்கள், அன்றைக்கே விற்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு வந்ததும் அந்தப் பெட்டி மீன்தான்.

பிடித்து வந்த மீனை விற்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லி, இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து, தீனி பழக்கி, தேற்றிக் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரம். இந்த மீன் வெளியே தெரியவந்த புதிதில் வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனதில், குட்டைகளே காலியாகிவிடும் என்ற பயம் கிளம்பியது. இத்தனைக்கும் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வது சிரமமே இல்லாத மீன். ஒரு கொத்து ஜாவா பாசி போதும், அதில் முட்டையிடும், சில நாளில் பொரிந்துவிடும். வளர்க்கச் சோம்பேறித்தனப்பட்டு, வளர்த்தேன் என்று பொய் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது செடி. ‘தண்ணிச் செடி’ என்று தலையில் கட்டிய ஏழு கொத்தில் நான்கு தரைச் செடிகள். லக்கி மூங்கில், அதன் இனத்திலேயே வெள்ளை ஓரம் போட்ட இன்னொன்று, பூந்தொட்டியில் வளர்க்கிற பீஸ் லில்லி, பிறகு ஊதா இலைச் செடி ஒன்று. தண்ணீருக்குள் முழுக அமுக்கினால் இவை கொஞ்ச காலம் பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு தண்டு கொழகொழத்து அழுகும். அந்த அழுகலே தண்ணீரைக் கெடுக்கும். இலையில் வெள்ளையோ மஞ்சளோ ஓரம் கட்டியிருந்தால் அநேகமாகத் தரைச் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், நிஜமான தண்ணீர்ச் செடியான அனுபியாஸின் இலையும் விறைப்புதான். பெயர் கேட்டு வாங்குங்கள்: வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரின், அனுபியாஸ், ஜாவா பாசி. நம் ஊர்ச் சூட்டுக்கு இவை தாங்கும், விளக்கும் அதிகம் வேண்டாம்.

‘பாக்டீரியா மருந்து’ என்று ஒரு பாட்டில் தந்தார்கள். இன்று ஊற்றினால் இன்றே மீன் விடலாமாம். அதை அப்படியே நம்ப முடியாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருந்தால் அம்மோனியாவின் விஷமும் கூடும். 60 லிட்டர் புதுத் தண்ணீரில் பட்டினி மீன் இருபதையும் அழுகுகிற செடியையும் ஒரே நாளில் போட்டால் என்ன ஆகும்? அம்மோனியாவைச் சோதிக்கிற சொட்டு மருந்து வாங்கிப் பார்த்தேன், மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

கடைக்காரர் வெளியே வந்ததும் பேச்சு மாறிவிட்டது. முதலில், “உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி சரியில்லண்ணே.” தொட்டியை நிரப்பியதே அவருடைய ஆள்தான், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அவன்தான். பிறகு ஒரு நீல மருந்தைக் காட்டி, இதையும் வாங்கிப் போடுங்கள் என்றார். பையன் சொன்னதை எடுத்துச் சொன்னபோது, “உயிருள்ள சாமானுக்குக் கேரண்டி கிடையாது” என்று கையை விரித்துவிட்டார். பெட்டியில் வந்த மீனைத் தொட்டியில் பொரித்த குஞ்சு என்று சொன்னதற்கும் கேரண்டிக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. பணமும் வரவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் கடைக்காரரைக் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். கூட்டமாக வந்து தின்கிற மீனை மட்டும் எடுங்கள். இப்போதுதான் போட்டேன், பசி இல்லை என்று மழுப்பினால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வயிறு ஒட்டிய மீன் ஒன்றாவது அந்தத் தொட்டியில் இருந்தால் அதிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கடைக்காரரைக் கேட்பதோடு, வேலை செய்கிற பையனையும் தனியாகக் கேளுங்கள். இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஃபில்டர் மணிக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கிற பாக்டீரியாவும் சாகும். அதனால் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை.

என் தொட்டி இப்போது மீன் இல்லாமல், நல்ல செடிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. மழைக்காலம் பிறந்து தண்ணீர் குளிர்ந்ததும், வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்கிற ஒருவரிடமிருந்து மீன் எடுக்கப் போகிறேன். தாய்மீனையும் பாசியில் முட்டையையும் அவர் கண்ணெதிரே காட்டினார். தாம்வே, திங்கங்யுன் பக்கம் புதுத் தொட்டி வைக்கிறவர்கள் சொல்லுங்கள். பாக்டீரியா குடியேறிய என் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். ஈரம் காயாமல் கொண்டுபோய் உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கிற வாரங்கள் நன்றாகக் குறையும். காசு வேண்டாம்.