அட்டையா, பிளாஸ்டிக்கா, தண்ணீர் லென்ஸா? பள்ளிக்கு ஏற்ற மெய்நிகர் பார்வைப் பெட்டி

குறைந்த செலவில் மெய்நிகர் காட்சி, அதாவது நேரில் நிற்பதுபோல் சுற்றிலும் தெரியும் காட்சி, பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கலாம். லென்ஸ் மட்டும் வாங்கி, மற்றதை அட்டையில் செய்யலாம். லென்ஸையும் தண்ணீர் பாட்டிலிலிருந்து நாமே வெட்டி எடுக்கலாம். மூன்றிலும் திரையாக இருப்பது கையிலுள்ள ஸ்மார்ட்போன்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளுக்கு எது ஏற்றது என்று கேட்டால், தயங்காமல் அட்டை என்பேன்.

தண்ணீர் லென்ஸை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பாட்டிலின் தோள் பகுதியில் இரண்டு வட்டத் துண்டுகள் வெட்டி, விளிம்பை ஒட்டி, நடுவில் தண்ணீர் நிரப்பினால் குவிலென்ஸ் கிடைக்கும். ஆனால் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33; கண்ணாடிக்குச் சுமார் 1.5. இருபுறமும் 5 சென்டிமீட்டர் வளைவு ஆரம் இருந்தால் கண்ணாடி லென்ஸின் குவியத் தொலைவு 5 சென்டிமீட்டர், தண்ணீர் லென்ஸுக்கோ ஏழரை. பெட்டி நீண்டுவிடும், படம் சிறுத்துவிடும். போதாததற்குக் காற்றுக் குமிழியும் கசிவும். ஒளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை இல்லை. ஆனால் இதை நம்பிப் போனை உள்ளே வைக்க முடியாது.

அட்டைப் பெட்டிக்கு வழிகாட்டி கூகுளின் கார்ட்போர்டு. பாரிஸில் கூகுள் பொறியாளர்கள் டேவிட் கோஸ், டேமியன் ஆன்ரி இருவரும் உருவாக்கியதை அந்நிறுவனம் 2014 ஜூனில் வெளியிட்டது. 2019இல் மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2021இல் பெட்டி விற்பனையை நிறுத்திக்கொண்டது. நமக்கு அதனால் இழப்பில்லை. முதல் வடிவத்துக்குத் தேவை 45 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் ஒரு ஜோடி, ஒரு மெல்லிய அட்டை, ஒரு கட்டர் கத்தி. லென்ஸ் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

எந்த அட்டை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது மாம்பழம் அடைத்து அனுப்பும் பெட்டி. பாரம் தாங்குவதற்கான அந்தக் கனத்த அட்டை இதற்கு ஆகாது. கார்ட்போர்டை வெட்டி மடிப்பதற்கான வரைபடத்தின் மடிப்புகளும் துளைகளும் சுமார் 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குக் கணக்கிடப்பட்டவை. கனம் கூடினால் மூலைகள் ஒன்றுசேராது, லென்ஸ் சாய்ந்து நிற்கும். பீட்சா வரும் பெட்டியின் நெளி அட்டை சரியாக இருக்கும். மை தீர்ந்த பேனாவால் கோட்டை அழுத்திய பிறகு மடியுங்கள். உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டினால் பிரதிபலிப்பு குறையும்.

பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பல மாதிரிகளில் லென்ஸை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தனக்கேற்பத் திருத்திக்கொள்ள முடியும். அட்டையில் இது இயலாது. அதற்காகவே வகுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருப்பது நல்லது.

மற்ற வகையில் அது பின்தங்குகிறது. தலையில் பட்டையால் கட்டிக்கொண்டால் கழுத்து வேகமாகத் திரும்பும். போன் காட்டும் படம் சற்றுப் பின்தங்கும். தலைசுற்றல் அங்கேதான் தொடங்குகிறது. கார்ட்போர்டைப் பட்டையில்லாமல் கையால் பிடிக்கும்படி வடிவமைத்ததற்கு இதுவே காரணம்: கையும் உடலும் சேர்ந்து திரும்பும்போது வேகம் தானாகக் குறைகிறது. சுத்தமும் முக்கியம். பிளாஸ்டிக் பெட்டியின் பஞ்சு விளிம்பு வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அட்டை விளிம்பில் செல்லோடேப் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடைக்கலாம். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் எந்தப் பெட்டியையும் பகிர வேண்டாம். வெயிலில் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் ஒளி குவிந்து போன் திரை கருகிவிடும். இது இரண்டுக்கும் பொருந்தும்.

எந்தப் பெட்டியானாலும், தலை திரும்பும் திசைக்குக் காட்சியும் திரும்ப, போனில் ஜைரோஸ்கோப் என்ற, திரும்புவதை உணரும் கருவி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இல்லை. 360 டிகிரி காணொளியை ஓடவிட்டுப் போனைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். காட்சி நகராவிட்டால் இல்லை என்று பொருள்.

அந்தப் போனையும் வீணென்று ஒதுக்காதீர்கள். முப்பரிமாணப் புகைப்படத்துக்கு ஜைரோஸ்கோப் தேவையில்லை. இரண்டு மாவட்டங்களும் நடுகற்கள் நிறைந்தவை. ஒரு நடுகல்லிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு படம், அதே உயரத்தில் ஆறரை சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்து இன்னொரு படம் எடுங்கள். ஒகேனக்கல் அருவிக்கு இந்த முறை ஒத்துவராது. இரண்டு படங்களுக்கிடையில் நீர் நகர்ந்துவிடும். முதல் படம் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என அருகருகே வைத்துப் பெட்டிக்குள் பார்த்தால் வீரனின் வாளும் கையும் கல்லிலிருந்து எழுந்து நிற்கும். மாற்றி வைத்துவிட்டால் புடைப்புச் சிற்பம் குழிந்து தெரியும்; படங்களை இடம் மாற்றினால் போதும்.